தென்னாப்பிரிக்காவிலிருந்து துருவ ஒளி: பார்க்கவும் படமெடுக்கவும் ஆசைப்படுவோர் கேட்கும் கேள்விகள்

2024 மே 11, சனிக்கிழமை காலை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முந்தைய இரவு மேற்குக் கேப் கடற்கரையில் எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கடலுக்கு மேல் செம்பருத்திச் சாறு கரைந்தாற்போல் வானம். அந்த ஒளி எரிந்த நேரத்தில் நான் போர்த்திப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அன்று முதல் இதைப் பற்றிப் படிக்கிறேன், கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கோயில் தமிழ் வகுப்பிலும் கல்யாண வீடுகளிலும் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

துருவ ஒளி வடக்கே அல்லவா தெரியும்? நம் நாட்டுக்கு அது எப்படி வரும்?

வடக்கில் தெரிவதுபோல் தெற்கிலும் தெரியும். பூமியின் காந்தப்புலத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் ஆற்றல் இரண்டு முனைகளையும் சுற்றி ஒரே நேரத்தில் இறங்கி, உயரத்துக் காற்றை ஒளிரச் செய்கிறது. அதுதான் துருவ ஒளி. நார்வேயில் ஒளி ஆடும்போது அண்டார்டிகாவிலும் ஆடுகிறது. அங்கே பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டின் அண்டார்டிக் நிலையமான சானே 4, தென் அட்சரேகை 71 டிகிரிக்கும் அப்பால் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கும் குழுவினருக்கு இந்த ஒளி பழகிய காட்சி.

ஆகவே நாம் தேட வேண்டியது தென்துருவ ஒளி. நமக்கு ஒரு பின்னடைவும் இருக்கிறது. தெற்குக் காந்த முனை அண்டார்டிகாவின் ஆஸ்திரேலியப் பக்கத்தில் இருப்பதால், அந்த முனையைச் சுற்றி அமையும் ஒளி வளையம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதனால் ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் நடுத்தரக் காந்தப் புயலிலேயே, அதாவது சூரியனிலிருந்து வருபவை பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்போதே, ஒளி தெரியும். நமக்குப் பெரும் புயல் வேண்டும்.

2024 மே மாதத்தில் என்னதான் நடந்தது?

சூரியனின் முகத்தில் பூமியைவிடப் பல மடங்கு அகலமான ஒரு கரும்புள்ளிக் கூட்டம் உருவானது. 3664 என்பது அதற்கு வானியலாளர்கள் கொடுத்த எண். சில நாட்களுக்குள் அது பலமுறை வெடித்து, காந்தப்புலம் பொதிந்த பிழம்பு மேகங்களை நம் பக்கமாக வீசியது. பின்னால் கிளம்பியவை முன்னால் சென்றவற்றை எட்டிப் பிடிக்க, மேகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. மே 10 அன்று நம் நேரப்படி இரவு ஏழு மணிக்குச் சற்றுப் பின் முதல் அடி விழுந்தது. காந்தப் புயல்களை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிக்கிறார்கள். அன்று ஜி5 எட்டியது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த உச்சத்தை எட்டிய முதல் புயல் அதுதான்.

அன்று நமக்கு எல்லாமே கூடி வந்தன. பொழுது சாய்ந்த வேளையில் புயல் வந்தது. அமாவாசை கழிந்து இரண்டே நாள் ஆகியிருந்ததால் நிலவு மெல்லிய கீற்றாக இருந்து சீக்கிரமே மறைந்தது. ஹெர்மனஸ் உட்பட மேற்குக் கேப் கரையோரத்தில் படங்கள் கிடைத்தன. நமீபியாவிலும் கிடைத்தன. லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்கள்கூட அந்த இரவில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தன.

படங்களில் நார்வேயில் பச்சைத் திரை ஆடுகிறது. நமக்கு ஏன் சிவப்பு மட்டும்?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது.

பச்சையும் சிவப்பும் ஒரே ஆக்சிஜன் அணு தரும் நிறங்கள். வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. பச்சை ஒளி பெரும்பாலும் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேல், சில வேளை 400 கிலோமீட்டரையும் தாண்டிப் பிறக்கிறது. தூண்டப்பட்ட ஆக்சிஜன் அணு பச்சை ஒளியை வெளியிட ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் போதும். சிவப்பு ஒளியை வெளியிட ஏறத்தாழ இரண்டு நிமிடம் அது அமைதியாகக் காத்திருக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் அதற்குள் வேறொரு அணு மோதி ஆற்றலைப் பறித்துவிடும். காற்று மிக மெலிந்த உச்சியில்தான் அந்தக் காத்திருப்பு பலிக்கிறது. ஆகவே ஒளித் திரையின் அடிப்பகுதி பச்சை, தலைப்பகுதி சிவப்பு.

இப்போது பூமியின் வளைவைச் சேர்த்துப் பாருங்கள். 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பொருள் தொடுவானத்தில் தெரிய, அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் 2,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் எட்டிப் பார்க்கும். தூரத்து ஊரின் கோபுரக் கலசம் தெரியும், கோயில் வாசல் தெரியாது அல்லவா, அதுபோலத்தான். தெற்குப் பெருங்கடலுக்கு மேல் எங்கோ தொங்கும் திரையின் கலசத்தை மட்டும் நாம் காண்கிறோம். அதன் பச்சைப் பாதம் கடலுக்குக் கீழே மறைந்து நிற்கிறது.

நம் நாட்டுக்குச் சொந்தமான மரியன் தீவு கேப் டவுனிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தென்கிழக்கே, 47 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. அந்தத் தீவின் தலைக்கு மேல் ஒளி வந்து நின்றால், அதன் செந்நிற உச்சி நம் கரையில் தொடுவானத்தைத் தொடும். நான் இப்படித்தான் மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

டர்பனிலிருந்து தெரியுமா? எங்கே போவது நல்லது?

நகருக்குள்ளிருந்து எதிர்பார்க்க வேண்டாம். துறைமுக விளக்குகளும் கடற்காற்றின் ஈரப்பதமும் தொடுவானத்தை மூடிவிடும். டர்பன் 30 டிகிரி தெற்கில் இருக்கிறது, அகுலாஸ் முனையோ கிட்டத்தட்ட 35 டிகிரியில். இந்த ஐந்து டிகிரி, தொடுவானத்துக்கு மேலே வருவதற்கும் கீழேயே நின்றுவிடுவதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். ஆகவே மேற்குக் கேப்பின் தென்கரைக்கு, அதாவது ஹெர்மனஸ் தொடங்கி அகுலாஸ் வரை உள்ள பகுதிக்குத்தான் முதல் இடம்.

ஒரு சிக்கலும் உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை கேப் பக்கம் மழைக்காலம், மேகம் திரண்டு வந்துகொண்டே இருக்கும். நம் நட்டாலில் அதே மாதங்கள் வறண்டு தெளிந்திருக்கும். மேகத்துக்கு அடியில் 35 டிகிரியில் நிற்பதைவிடத் தெளிந்த வானத்தின் கீழ் 31 டிகிரியில் நிற்பது மேல் என்பது என் கருத்து. டர்பன்காரர்கள் தென்கரையில் போர்ட் எட்வர்ட் பக்கம் போகலாம். தெற்கே கடல் பார்த்த மேட்டு நிலம், ஊர் விளக்கு முதுகுப் பக்கம் இருக்குமாறு ஓர் இடம், இவை போதும். ட்ராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் அண்டர்பர்க் வட்டாரமும் நல்ல இருட்டு. ஆனால் அங்கே தெற்கே குன்று மறைக்காத இடமாகப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். கரூவில் சதர்லாந்து, தென்னாப்பிரிக்கப் பெருந்தொலைநோக்கி நிற்கும் ஊர். இருட்டுக்கு அதை மிஞ்ச இடமில்லை.

எங்கே போனாலும் தனியாகப் போகாதீர்கள். இரண்டு வண்டி, நான்கு பேர், போகுமிடம் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் ஆளில்லாக் கடற்கரையில் நிற்பது நம் நாட்டில் விளையாட்டல்ல.

எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்?

தெற்கு, அங்கிருந்து தென்கிழக்கு வரை. நம் நாட்டில் திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 25 டிகிரி மேற்கே விலகி நிற்கிறது. அதாவது அதன் தென்முனை தெற்குக்குச் சற்றுக் கிழக்கே காட்டும். ஒளி வளையமும் காந்தப்புலத்தை ஒட்டியே அமைவதால் அந்தப் பக்கத்தைத் தவறவிடக் கூடாது.

மே, ஜூன் மாலைகளில் திசைகாட்டியே வேண்டாம். திரிசங்கு என்று நம் முன்னோர் சொன்ன தெற்குச் சிலுவை உயரே நிற்கும். அதன் நீண்ட தண்டை அடிப்பக்கமாக நான்கரை மடங்கு மனத்தால் நீட்டி, அங்கிருந்து நேர்கீழே தொடுவானத்துக்குக் கோடு போட்டால் அதுதான் தெற்கு. அக்டோபர் மாலையில் சிலுவை மிகத் தாழ்ந்து கிடப்பதால் அப்போது கைப்பேசி வரைபடத்தை நம்புங்கள்.

புயல் வருவது எப்படித் தெரியும்? எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

எச்சரிக்கை இரண்டு கட்டமாக வரும். சூரியனில் வெடிப்பு நிகழ்ந்ததும் முதல் செய்தி வரும். மேகம் பூமியை அடைய வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். 1859 செப்டம்பரில் வந்த பெரும் புயலோ பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. இந்தக் கட்டத்தில் விடுப்புச் சொல்லலாம், பேட்டரி ஏற்றலாம், வானிலை பார்க்கலாம். நெடும்பயணம் போக வேண்டாம், ஏனென்றால் புயலின் பலம் இன்னும் எவருக்கும் தெரியாது.

இரண்டாவது செய்திதான் முக்கியம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனை நோக்கி நிறுத்தப்பட்ட செயற்கைக்கோள்கள் மேகத்தைத் தொட்டு அளக்கின்றன. அங்கிருந்து அது நம்மை அடைய 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த அளவீட்டில் பி.இசட். என்ற எண்ணைப் பாருங்கள். மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்பதை அது சொல்லும். எண் எதிர்மறையாக ஆழ இறங்கி, மணிக்கணக்கில் அங்கேயே நின்றால் பூமியின் காந்தக் கதவு திறந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு வேகமான மேகம் வந்தாலும் பி.இசட். நேர்மறையாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. புயலின் பலத்தைக் காட்டும் கே.பி. எண்ணையும் பார்ப்பார்கள். அது 0 முதல் 9 வரை போகும். நமக்கு 8 தாண்டினால்தான் நம்பிக்கை.

தமிழில் இந்த எச்சரிக்கைகள் வருவதில்லை. நம் நாட்டு விண்வெளி முகமையான சான்சாவின் விண்வெளி வானிலை மையம் ஹெர்மனஸில் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பாருங்கள். அமெரிக்க விண்வெளி வானிலை மையத்தின் பக்கத்தையும் பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் ‘இன்று இரவு வானம் சிவக்கும்’ என்ற செய்தியைக் கேட்டு எவரும் பெட்ரோல் செலவழிக்க வேண்டாம்.

ஹெர்மனஸ் ஹெர்மனஸ் என்கிறீர்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

திமிங்கிலம் பார்க்கப் போகும் ஊர் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே 1941 முதல் ஒரு காந்தப்புல ஆய்வகம் இருக்கிறது. முதலில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் அளந்துகொண்டிருந்தார்கள். புறநகர் ரயில்கள் மின்மயமானதும் அந்த மின்னோட்டம் கருவிகளைக் குழப்பியது. ஆகவே ரயில் தொந்தரவு இல்லாத ஊரைத் தேடி இங்கே வந்தார்கள்.

ஒரு காந்தப் புயலின் மொத்த வலிமையைச் சொல்லும் டி.எஸ்.டி. என்ற அளவு, உலகில் நான்கே நிலையங்களின் பதிவுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஜப்பானின் காகியோகா, ஹவாயின் ஹொனலுலு, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், நான்காவது நம் ஹெர்மனஸ். அந்த எண் எதிர்மறையில் இறங்க இறங்கப் புயல் வலியது. 2024 மே புயலில் அது எதிர்மறைப் பக்கம் 400 நானோடெஸ்லாவைத் தாண்டியது. நார்வேயிலும் கனடாவிலும் அந்தப் புயலைப் பற்றி எழுதுகிறவர்கள் மேற்கோள் காட்டும் எண்ணில் கால் பங்கு நம் நாட்டு மண்ணில் அளந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வெறும் கண்ணுக்குத் தெரியுமா, கேமராவில் மட்டும்தானா?

நம் அட்சரேகையில் பெரும்பாலும் கேமராதான் முதலில் பார்க்கும். மங்கிய ஒளியில் நம் கண்ணால் நிறம் பிரித்தறிய முடியாது, சிவப்பு அதற்கு மிகவும் கடினம். தொடுவானத்துக்கு மேல் ஒரு வெளிறிய சாம்பல் படலம், சில வேளை இளஞ்சிவப்பு மூட்டம், அதில் மெல்ல எழுந்து மறையும் செங்குத்துக் கீற்றுகள் ஆகியவற்றை எதிர்பாருங்கள். இருபது நிமிடம் கைப்பேசித் திரையைப் பார்க்காமல் இருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

கேமராவை எப்படி அமைப்பது?

முக்காலி இல்லாமல் முடியாது. அகன்ற கோண லென்ஸ், துளை எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்தது, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன் 1600 முதல் 3200, ஷட்டர் 10 முதல் 15 விநாடி என்று தொடங்குங்கள். நிறச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வினுக்கு அருகே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கேமரா சிவப்பைக் குறையென்று எண்ணித் திருத்திவிடும். கோப்பு, கேமரா திருத்தாத மூலமான ரா வடிவில் இருக்கட்டும்.

பலர் தோற்பது குவியத்தில். இருட்டில் தானியங்கிக் குவியம் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். அதை அணைத்துவிடுங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையின் நடுவே கொண்டு வந்து பத்து மடங்கு பெரிதாக்குங்கள். மே மாலையில் தென்மேற்கே நிற்கும் அகத்திய நட்சத்திரம் இதற்கு வாகானது. முதலில் அது வடைபோல் உப்பியிருக்கும். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும். இன்னும் ஒரு மயிரிழை போனால் மறுபடி உப்பும். ஊசிமுனைக்குத் திரும்பி வந்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். இரவு முழுவதும் அதைத் தொட வேண்டாம்.

கடற்கரையில் இன்னொரு எதிரி பனியீரம். அரை மணிக்கு ஒருமுறை லென்ஸைச் சிவப்பு விளக்கில் பாருங்கள், பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். இவற்றையெல்லாம் புயல் நாளில் முதன்முதலாகச் செய்யாதீர்கள். புயல் இல்லாத சாதாரண இரவில், பால்வீதியை வைத்து நான்கு முறை பழகினால்தான் கை தானாகச் செய்யும்.

கைப்பேசி போதுமா?

போதும். அசையாமல் நிறுத்தினால் இரவுப் படமுறை தானே பத்து, முப்பது விநாடி எடுத்துக்கொள்ளும். தொட்டால் அசையும் என்பதால் மூன்று விநாடி டைமர் வையுங்கள்.

என் படத்தில் சிவப்பு விழுந்திருக்கிறது. இது துருவ ஒளிதானா?

2024 அக்டோபர் 10 அன்று இன்னொரு பெரும் புயல் வந்தது. அன்று நான் தூங்கவில்லை. தென்கரையில் ஒரு மேட்டில் மைத்துனரோடு நின்றிருந்தேன். அரை நிலவு இடைஞ்சலாக இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் தென்மேற்கில் எடுத்த படத்தில் செம்மஞ்சள் மூட்டம் விழுந்தது. கை நடுங்கியது. அடுத்த படத்தில் இன்னும் கூடுதல் சிவப்பு. பிறகு காற்று திரும்பியது. இனிப்பும் கசப்புமாக ஒரு புகை வாசனை. கேமராப் பையின் மேல் கறுப்புச் சருகு ஒன்று வந்து விழுந்தது, தொட்டதும் பொடிந்துபோனது. கரும்புச் சாம்பல். வெட்டுக்கு முன் தோகையை எரிக்க எங்கோ தோட்டத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து நாங்கள் அறிந்த தீ அது.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். தீயும் ஊர் விளக்கும் மஞ்சள் கலந்திருக்கும், மேகத்தின் அடியைத் தொடும், ஒரே இடத்தில் நிற்கும். துருவ ஒளி தூய செந்நிறமாகவோ ஊதாச் சாயலாகவோ இருக்கும். நட்சத்திரங்கள் அதனூடே தெளிவாகத் தெரியும். பத்து நிமிடத்தில் வடிவம் மாறும். வானம் முழுவதும் மங்கிய பச்சைப் பட்டைகள் விழுந்தால் அது காற்றொளி, அதாவது உயரத்துக் காற்று தானே விடும் மெல்லிய ஒளி, எல்லா இரவும் உள்ளது. தெற்கே இரண்டு வெண்திட்டுகள் தெரிந்தால் அவை மெகல்லன் மேகங்கள் என்னும் அண்டை விண்மீன் மண்டலங்கள். சந்தேகம் வந்தால் அதே அமைப்பில் வடக்கே ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

கிரகணத்தின்போதுபோல் கர்ப்பிணிகள் வெளியே வராமல் இருக்க வேண்டுமா?

வேண்டாம். என் பெரியம்மா இதைக் கவலையோடு கேட்டார். ஒளி நூறு கிலோமீட்டருக்கு மேலே நிற்கிறது. துகள்களைக் காற்று மண்டலம் மேலேயே தடுத்துவிடுகிறது. நிலவொளியில் நிற்பதற்கும் இதற்கும் உடம்பைப் பொறுத்தவரை வேறுபாடில்லை. குளிருக்குச் சால்வை போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

மின்சாரத்துக்கு ஆபத்து உண்டா?

உண்டு. காந்தப்புலம் வேகமாக மாறும்போது நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பிறக்கிறது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருண்டது. நம் நாடு துருவத்திலிருந்து தொலைவில் இருப்பதால் கவலையில்லை என்று நினைத்திருந்தார்கள். 2003 அக்டோபர் இறுதிப் புயலுக்குப் பின்வந்த மாதங்களில் இங்கே சில பெரிய மின்மாற்றிகள் பழுதாயின. நம் பொறியாளர்களே அதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் உலகம் இந்த அட்சரேகைகளையும் கவனிக்கத் தொடங்கியது.

இவ்வளவு பாடு எதற்கு? நார்வேக்கே போய்விடலாமே?

வசதி இருந்தால் போய் வாருங்கள். அங்கே ட்ரோம்சோ நகரம் ஒளி வளையத்துக்கு நேர் அடியில் இருப்பதால் புயலே வேண்டாம், செப்டம்பர் முதல் மார்ச் வரை தெளிந்த இரவு போதும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்தாலும், நம் கடலுக்கு மேல் நம் திரிசங்குவின் கீழ் ஒரு செந்நிறக் கீற்று எழுவதை நான் பார்க்க விரும்புவேன். இது என் ஆசை, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அடுத்த வாய்ப்பு எப்போது?

சூரியனின் சுழற்சி ஏறத்தாழ பதினொரு ஆண்டு. இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். உச்சம் கழிந்து இறங்கும் ஆண்டுகளிலும் பெரும் புயல்கள் வருவதுண்டு. 2003 புயல் அப்படி வந்ததுதான். இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிப் பூமியின் சாய்வு சாதகமாக அமைவதால் அப்போது கூடுதல் விழிப்போடு இருங்கள்.

படம் கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். நிறத்தை ஏற்றி ஏற்றிக் குங்குமமாக்க வேண்டாம், அந்த மங்கலான சிவப்புதான் உண்மை. பிறகு ஒரு தாளில் நேரம், ஊர், எந்தத் திசை, தொடுவானத்திலிருந்து எத்தனை விரற்கடை உயரம், கண்ணுக்குத் தெரிந்ததா என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். 1859இலும், பம்பாய் வரை ஒளி தெரிந்த 1872 பிப்ரவரியிலும் புயல் எவ்வளவு தூரம் இறங்கி வந்தது என்பதை இன்று கணிப்பவர்கள், கப்பல் குறிப்பேடுகளிலும் நாளிதழ்களிலும் யாரோ எழுதி வைத்த இரண்டு மூன்று வரிகளைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். என் கேமராப் பையின் பக்கவாட்டு அறையில் ஒரு பென்சிலும் நாற்பது பக்க நோட்டும் இருக்கின்றன. முதல் பக்கத்தில் இடம், திசை என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தேதி மட்டும் இன்னும் எழுதவில்லை.